சங்கத்து லாரி கொதிப்பது ஏன்?

சென்ற சித்திரையில், தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டாரத்திலுள்ள ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்திற்கு நாம் ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயரைக் குறிப்பிடுவது இங்கே அவசியமன்று. நாம் கூறவிருக்கும் நிலைமை பல சங்கங்களுக்கும் பொதுவானது என்பதை இதைப் படிக்கும் அங்கத்தினர்கள் தாமே உணர்வார்கள்.

அந்தச் சங்கத்திற்குச் சொந்தமாக ஒரு சிறிய லாரி உண்டு. பத்தொன்பது ஆண்டு உழைத்த வண்டி. கரிசல் நிலத்து மிளகாய் வற்றலையும் உளுந்தையும் பருத்தியையும் விருதுநகர்ச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும், திரும்பும்போது பக்கத்து நெசவாளர் சங்கத்திற்கு நூல் சிப்பங்களைக் கொண்டுவருவதும் அதன் வேலை. வண்டி ஓடினால் விவசாயிக்கு நல்ல விலை. நெசவாளிக்குத் தறி நிற்காது. வண்டி நின்றால் இருவருக்கும் நஷ்டம்.

கணக்குகளைப் பார்த்தபோது, ஓராண்டுக்குள் 'ரேடியேட்டர் பழுது' என்ற தலைப்பில் ஐந்து செலவுச் சீட்டுகள் இருந்தன. நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்திற்கான நிகழ்ச்சி நிரலில் இரண்டு பொருள்கள் கண்டிருந்தன. முதலாவது, இஞ்சினை முழுதும் பிரித்துச் செப்பனிடப் பட்டறைக்காரர் கொடுத்த மதிப்பீட்டை ஏற்பது. இரண்டாவது, டிரைவர் தண்ணீர் ஊற்றாமல் வண்டி ஓட்டியதால் விளைந்த நஷ்டம் ஆதலால், அச்செலவை அவர் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிப்பது.

டிரைவர் அலுவலகத் திண்ணையில் ஒதுங்கி நின்றிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வண்டி வாங்கிய நாள் முதல் அவரே ஓட்டி வருகிறார். நம்மைக் கண்டதும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தண்ணி ஊத்தாம ஒரு நாள்கூட நான் வண்டிய எடுத்ததில்ல, ஐயா." 

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 87ஆம் பிரிவின்கீழ், சங்கத்திற்கு வேண்டுமென்றே கவனக்குறைவால் நஷ்டம் விளைவித்தவரிடமிருந்து தண்டத்தீர்வை வசூலிக்க இடம் தருகிறது. ஆனால் அவ்வாறு உத்தரவிடும் அதிகாரம் பதிவாளருக்கு உரியது. நிர்வாகக் குழு ஒரு தீர்மானத்தால் அதைச் செய்துவிட முடியாது. அன்றியும், குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்னதாக, வண்டி ஏன் கொதித்தது என்பதே இன்னும் தெரியவில்லையே! காரணம் தெரியாத நஷ்டத்திற்கு ஆளை மட்டும் கண்டுபிடித்தால் போதுமா? இதைத் தலைவரிடம் எடுத்துரைத்தோம். அவரும் நியாயத்தை உணர்ந்து, கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு இஞ்சின் பார்க்கும் முதிய மெக்கானிக் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அன்று அவர் செய்த சோதனைகளை அருகிருந்து பார்த்து எழுதிக்கொண்டோம். பழைய வண்டி வைத்திருக்கும் எல்லாச் சங்கங்களுக்கும் அவை பயன்படும் என்ற எண்ணத்தால் இங்கே தருகின்றோம்.

உஷ்ணம் எங்கே போகிறது?

இஞ்சினுக்குள் எரியும் டீசலின் சக்தி முழுவதும் சக்கரத்திற்குச் செல்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சிய பங்கின் பெரும்பகுதியை இஞ்சினைச் சுற்றியோடும் நீர் வாங்கிக்கொள்கிறது. அந்த நீர் தன் வேலையைச் செய்யாவிடில் இரும்பும் அலுமினியமும் அளவுக்கு மீறிச் சூடேறி, வளைந்து, வெடித்துவிடும்.

கிணற்று நீர் வாய்க்கால் வழியே பாத்தி பாத்தியாகப் பாய்ந்து, மீண்டும் அதே கிணற்றுக்குத் திரும்புவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். லாரிக்குள் நடப்பது அதுவே. வாட்டர் பம்ப் நீரைத் தள்ளுகிறது. நீர் இஞ்சின் பிளாக்கிலும் அதன் மேலுள்ள ஹெட்டிலும் அமைந்த வழிகளில் ஓடி உஷ்ணத்தை ஏற்கிறது. பின்னர் மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டருக்கு வந்து, அங்குள்ள மெல்லிய குழாய்களில் இறங்குகிறது. விசிறி இழுக்கும் காற்று அக்குழாய்களின் மேல் பட்டு உஷ்ணத்தைக் கொண்டுபோகிறது. ஆறிய நீர் கீழ் ஹோஸ் வழியே மீண்டும் பம்பை அடைகிறது.

இந்தச் சுற்றில் இரண்டு சிறு காவலர்கள் உண்டு. ஒன்று தெர்மோஸ்டாட். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இது நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும். ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேட் வந்ததும் வழிவிடும். மற்றொன்று ரேடியேட்டர் மூடி. இது வெறும் மூடியன்று; அழுத்தத்தைத் தாங்கும் வால்வு. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். சதுர அங்குலத்திற்கு 13 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருப்பின், ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நீர் ஆவியாகி வெளியேறத் தொடங்கும்.

இந்த மூடி சிறு பொருள் என்று எண்ணற்க. சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்த ஓர் ஆலையின் இயந்திரங்களை வாங்கிவந்து நிறுவி, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கு ரேடியேட்டர் மூடிகளை அனுப்பத் தொடங்கியது. உலகத்துக் கார்களுக்கு மூடி செய்து கொடுத்த நாட்டில் இருந்துகொண்டு, நம் லாரியின் மூடியை நாம் ஒருமுறையும் திருப்பிப் பார்ப்பதில்லை!

முதற்கேள்வி

மெக்கானிக் வந்தவுடன் கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. டிரைவரை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, வண்டி கொதிக்குதுன்னு சொல்றது பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்ற மாதிரி. எப்பக் காயுது, எப்ப விடுதுன்னு மொதல்ல சொல்லுங்க" என்றார்.

நோயை அறியும் வழியில் பாதி இக்கேள்வியில் இருக்கிறது. வண்டி நெரிசலில் மெதுவாக ஊரும்போது மட்டும் கொதித்து, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகையில் சரியாகிவிட்டால், காற்றுக்குறை என்று பொருள். விசிறி, அதன் பெல்ட் ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். மாறாக, ஊருக்குள் நன்றாக இருந்து, பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடும்போது கொதித்தால், நீரோட்டம் போதவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, கீழ் ஹோஸ், பம்ப் இவற்றில் குறை இருக்கலாம். கிளப்பிய சில நிமிடங்களிலேயே கொதித்தால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். குழாய்களில் காற்று அடைத்திருக்கலாம். அல்லது ஹெட் கேஸ்கட் ஊதியிருக்கலாம். கொதிக்காமலே நாள்தோறும் நீர் குறைந்தால், எங்கோ கசிவு இருக்கிறது.

நம் டிரைவரின் விடை தெளிவாக இருந்தது. ஊருக்குள் தொல்லையில்லை. பாரத்தோடு எட்டயபுரம் தாண்டி அருப்புக்கோட்டைச் சாலையில் போகும்போது, எதிர்க்காற்று வீசும் பகல் நேரத்தில் முள் சிவப்பை நோக்கி ஏறும். வெறும் வண்டியாய்த் திரும்பும்போது இறங்கிவிடும். தினமும் காலையில் ஏறத்தாழ ஒரு குடம் நீர் ஊற்றவேண்டியிருக்கிறது.

காசில்லாச் சோதனைகள்

செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட வேண்டும். செலவுள்ள பழுதைப் பிறகு நினைக்கலாம். அந்த வரிசையிலேயே மெக்கானிக் சென்றார். இஞ்சின் ஆறியிருந்த காலை நேரத்தில் இவை செய்யப்பட்டன.

முதலாவதாக, முள் சொல்வது மெய்யா என்று பார்த்தார். மூடியைக் கழற்றி, ஆறிய நீரில் ஓர் உஷ்ணமானியை இட்டு, இஞ்சினைக் கிளப்பி, நீர் சூடாக ஆக முள்ளும் ஒத்து ஏறுகிறதா என்று கவனித்தார். பழைய வண்டிகளில் மின்கம்பியின் கோளாறால் முள் பொய் சொல்வதுண்டு. பொய் சொல்லும் முள்ளை நம்பி இஞ்சினைப் பிரித்தவர்களும் உண்டு. இங்கே முள் மெய்யே சொன்னது.

இரண்டாவதாக, மூடி திறந்திருந்த அதே நேரத்தில், ரேடியேட்டரின் வாயில் நீர்க்குமிழிகள் இடைவிடாது வருகின்றனவா என்று பார்த்தார். இஞ்சின் ஓடும்வரை குமிழிகள் ஓயாமல் வந்தால், ஹெட் கேஸ்கட் வழியே புகை நீருக்குள் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். குமிழி இல்லை.

மூன்றாவதாக, எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். நீர் கலந்த எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் நிறம் மாறும், அளவும் கூடும். எண்ணெய் கருப்பாக, அளவோடு இருந்தது. இவ்விரு சோதனைகளும் நல்ல விடை தந்தபோதே, இஞ்சினை முழுதும் பிரிக்கவேண்டும் என்ற மதிப்பீடு ஆட்டங்கண்டது. டிரைவரின் முகத்தில் சிறிது தெளிவு வந்ததை நாம் கண்டோம்.

நான்காவதாக, ஃபேன் பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினார். ஏறத்தாழ அரை அங்குலம் அமிழ்வது சரியான அளவு. அதற்குமேல் தொய்ந்தால் பெல்ட் வழுக்கி, விசிறியும் பம்பும் மெதுவாகச் சுற்றும். இங்கே பெல்ட் சரியாக இருந்தது. பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். அதில் ஈரமோ துருக்கறையோ இருந்தால் பம்பின் உள்மூடி தேய்ந்துவிட்டது என்று அறியலாம். அதுவும் உலர்ந்திருந்தது.

ஐந்தாவதாக, ரேடியேட்டரின் வெளிமுகம். பருத்திப் பஞ்சு, மிளகாய்த் தூசி, பூச்சி, கரிசல் மண் ஆகியவை மெல்லிய தகடுகளுக்கிடையே அடைந்துகொள்ளும். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டமே வெள்ளத்தில் நின்றதை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது நீரில் நின்ற வண்டிகளின் ரேடியேட்டருக்குள் புகுந்த சேறு காய்ந்து கெட்டிப்பட்டிருக்கக்கூடும். அவற்றை இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவவேண்டும். அதிக வேகத்தில் நீரை அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். நாம் பார்த்த வண்டியில் தூசி உண்டு. அடைப்பு என்று சொல்லுமளவுக்கு இல்லை. ஆனால் கடற்காற்றால் சில தகடுகள் விரல் பட்டால் உதிரும் நிலைக்கு வந்திருந்தன.

ஆறாவதாக, ஹோஸ்கள். கையால் பிசைந்து பார்த்தபோது மேல் ஹோஸ் உறுதியாக இருந்தது. கீழ் ஹோஸ் கந்தைத் துணிபோல் தளர்ந்திருந்தது. இஞ்சினை வேகப்படுத்தச் சொல்லிக் கவனித்தோம். பம்ப் உறிஞ்சும் வேகத்தில் கீழ் ஹோஸ் உட்பக்கமாக ஒட்டிக்கொண்டது! மெதுவாக ஓடும்போது குறை தெரியாது. வேகமெடுக்கும்போது நீர் வரும் வழியே அடைபடும். (இச்சோதனை செய்வோர் துண்டையும் வேட்டியையும் இறுகக் கட்டிக்கொண்டு, விசிறிக்கு எட்டி நிற்கவேண்டும்.)

ஏழாவதாக, மூடி. அதன் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்த தோல்போல் வெடித்திருந்தது. எத்தனை ஆண்டாக மாற்றவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

எட்டாவதாக, தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன்மேல் பொறித்துள்ள டிகிரிக்கு அருகே திறக்கத் தொடங்கவேண்டும். ஆனால் இங்கே சோதிக்கப் பொருளே இல்லை. முன்பு ஏதோ ஒரு பட்டறையில் அதை எடுத்து எறிந்துவிட்டார்கள். 'நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?' என்பது பலரிடமுள்ள எண்ணம். இது பிழை. தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின் உரிய சூட்டை எட்ட நெடுநேரமாகும்; அதுவரை டீசல் வீணாகும்; உறுப்புகள் தேயும். சில இஞ்சின்களில், தெர்மோஸ்டாட் இல்லாவிடில் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே வராமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். அப்போது குளிர்விக்க வேண்டிய அமைப்பே கொதிக்கக் காரணமாகிவிடும்.

கடைசியாக, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்தி, ரேடியேட்டரின் மீது மேலிருந்து கீழாகக் கையை நகர்த்திப் பார்த்தார். நடுப்பகுதியிலும் கீழ்மூலையிலும் சூடு இல்லை. அங்கே நீர் ஓடவில்லை என்பது விளங்கிற்று. இதனோடு, நான்கு சக்கரங்களின் நடுப்பாகத்தையும் தொட்டுப் பார்த்தார். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் இஞ்சின் வீணாக உழைத்துச் சூடேறும். அது சரியாக இருந்தது.

முத்தும் படிவும்

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றினார்கள். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் ஆனதால், மேல் தொட்டியின் ஈயப்பற்றை உருக்கிப் பிரிக்க முடிந்தது. (புதிய வண்டிகளின் அலுமினிய ரேடியேட்டர்களை இவ்வாறு பிரிப்பதற்கில்லை.) உள்ளே குழாய்களின் வாய்களில் வெள்ளையும் செங்காவியும் கலந்த கெட்டிப் படிவு. குழாய்களில் ஏறத்தாழ பாதி அடைந்துபோயிருந்தன.

இந்தப் படிவு என்ன? பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தே. கால்சியம் கார்பனேட் என்று ரசாயன நூல்கள் கூறும் பொருள். மன்னார் வளைகுடாவின் சிப்பி தன் முத்தைக் கட்டுவதும் இதே பொருளால்தான்! நம் கடற்கரையின் பார்களில் 1961ஆம் ஆண்டில்தான் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது. ஓர் அடுக்கின்மேல் ஓர் அடுக்காகச் சிப்பி பொறுமையாகப் படியவிட்டதைத்தான் நம்மவர்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்தார்கள். சிப்பிக்குள் படிந்தால் செல்வம். ரேடியேட்டருக்குள் படிந்தால் நஷ்டம்.

நெசவாளர்களுக்கு இது புதிதன்று. கடின நீரில் சோப்பு நுரைப்பதில்லை. சாயம் சீராகப் பிடிப்பதில்லை. விவசாயிகளும் சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளை அடைப்பைக் கண்டிருக்கிறார்கள். அந்த நீரையே லாரிக்கு ஊற்றுகிறோம். சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து சுவரில் ஒட்டுகிறது. இரும்பு கடத்தும் உஷ்ணத்தில் மிகச் சிறு பங்கையே இந்தப் படிவு கடத்தும். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்திருப்பதால், உலோகம் அரித்துத் துருவும் உண்டாகிறது.

இன்னொரு தீமையும் உண்டு. அதை நன்கு விளக்குபவை தூத்துக்குடியின் உப்பளங்கள். பாத்தியில் நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். மேலும் நீர் விட, மேலும் உப்பு தங்கும். கெட்ட மூடியின் வழியே அன்றாடம் ஆவி வெளியேறியது. வெளியேறியது நீர் மட்டும். சுண்ணாம்பும் உப்பும் உள்ளேயே நின்றன. அந்தக் குறையை நிரப்ப டிரைவர் நாள்தோறும் அலுவலகத்துக் கிணற்று நீரை ஊற்றினார். நாள்தோறும் புதிய சுண்ணாம்பு சேர்ந்தது. அவர் தண்ணீர் ஊற்றத் தவறியதால் வண்டி கெடவில்லை. தவறாமல் ஊற்றியதாலேயே கெட்டது!

நீராவிக் கப்பல்களை ஓட்டியவர்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, காலியா, லாவோ என்ற கப்பல்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த வரலாறு நாம் அறிந்ததே. அக்காலத்து நீராவிக் கப்பல்கள், சுற்றிலும் கடல் இருந்தும், கொதிகலத்திற்கு நன்னீரையே நாடின. ஆவியைக் குளிரவைத்து மீண்டும் நீராக்கி அதையே பயன்படுத்தின. இன்றும் நல்ல விசைப்படகு இஞ்சின்களில் உள்ளே சுற்றுவது நன்னீர். கடல்நீர் வேறு குழாயில் ஓடி, அந்த நன்னீரை வெளியிலிருந்து குளிர்விக்கிறது. "கடல்ல ஓடுற இஞ்சினுக்கே உப்புத் தண்ணி ஆகாது. தரையில ஓடுற வண்டிக்கு ஏன் ஊத்துறீங்க?" என்று மெக்கானிக் கேட்டார்.

கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் யார்?

நம் ஆட்சேபணை

செயலாளர் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, பழைய தணிக்கைக் கோப்பு ஒன்றை எடுத்துவந்து நம்முன் வைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சங்கம் லாரிக்குக் கூலண்டும் வடிநீரும் வாங்கிய செலவுச் சீட்டு அதிலிருந்தது. அதன் எதிரே ஓர் ஆட்சேபணை: 'அலுவலகக் கிணற்றில் நீர் இருக்கும்போது விலைக்கு நீர் வாங்கியது தவிர்க்கத்தக்க செலவு. இனி அனுமதிக்கலாகாது.' கீழே இருந்த கையெழுத்து நம்முடையது.

அன்று முதல் சங்கம் கூலண்ட் வாங்குவதை நிறுத்திவிட்டது. டிரைவர் கிணற்று நீரை ஊற்றத் தொடங்கினார். சிக்கனம் என்று எண்ணி நாம் எழுதிய இரண்டு வரிகள், ஐந்து பழுதுச் செலவுகளையும், ஓர் ஏழைத் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கும் தீர்மானத்தையும் ஈன்றிருந்தன. பட்டம் பெற்று, சட்டமும் கணக்கும் பயின்று, ஆய்வுக்கு வந்த நாம் ஒரு குடம் நீரின் தன்மையை அறியாதிருந்தோம். இதை மறைத்து இக்கட்டுரையை எழுதியிருக்கலாம். ஆனால் கூட்டுறவில் கணக்கு எல்லோருக்கும் பொது. பிழைக் கணக்கும் அவ்வாறே இருக்கவேண்டும். அன்றே அந்த ஆட்சேபணையை விலக்கிக்கொள்வதாக எழுத்துமூலம் பதிவு செய்தோம். டிரைவரிடம் நேரில் வருத்தம் தெரிவித்தோம்.

"பரவால்ல ஐயா. நீங்களும் வண்டி நல்லா இருக்கணும்னுதான் நெனச்சிருப்பீங்க" என்றார் அவர். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

நிர்வாகக் குழு கூடி, இஞ்சினைப் பிரிக்கும் மதிப்பீட்டையும் சம்பளப் பிடித்தத்தையும் கைவிட்டது. ரேடியேட்டர் குழாய்களில் கம்பி விட்டு அடைப்பு எடுக்கப்பட்டது. புதிய மூடி, கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட் பொருத்தப்பட்டன. இஞ்சினுக்குள் இருந்த நீர் நன்கு அலசி வெளியேற்றப்பட்டு, கூலண்டும் வடிநீரும் சரிபாதியாக ஊற்றப்பட்டன. மொத்தச் செலவு பட்டறைக்காரர் கேட்டதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வைகாசி வெயிலில் வண்டி பாரத்தோடு விருதுநகர் சென்று திரும்பியது; முள் நடுவிலேயே நின்றது. எனினும், பிளாக்கின் உட்சுவரிலுள்ள படிவு முழுதும் நீங்கிவிட்டதென்று சொல்வதற்கில்லை. ஆறு மாதத்தில் மறுபடி அலசிப் பார்க்கவேண்டும் என்பது மெக்கானிக்கின் யோசனை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

பழைய வண்டி வைத்திருக்கும் சங்கங்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நலம்.

ஒன்று: லாரிக்கென ஒரு நீர்க்குறிப்பேடு வைக்கவேண்டும். எந்த நாள், எவ்வளவு நீர், எங்கிருந்து எடுத்த நீர், முள் எங்கே நின்றது என்று டிரைவர் எழுதட்டும். நல்ல நிலையிலுள்ள வண்டிக்கு நாள்தோறும் நீர் ஊற்றவேண்டியதில்லை. ஊற்ற நேர்ந்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

இரண்டு: கூலண்டை வடிநீரில் கலந்து ஊற்றவேண்டும். பனி உறையாத நம் ஊரில் கூலண்ட் எதற்கு என்று கேட்போர் உண்டு. அதிலுள்ள மருந்து துருவையும் அரிப்பையும் தடுக்கிறது. கொதிநிலையையும் சிறிது உயர்த்துகிறது. வண்டிக்குரிய கையேடு கூறும் காலத்தில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மாற்றவேண்டும். கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள விஷம். அதைக் குடிநீர்ப் புட்டிகளில் வைக்கலாகாது. குழந்தைகளும் ஆடு, நாய் முதலியவையும் நக்கும்படி தெருவில் கொட்டலாகாது.

மூன்று: வழியில் அவசரத்திற்குக் கிணற்று நீர்தான் கிடைத்தது என்றால் ஊற்றத்தான் வேண்டும், இஞ்சினைவிட நீரின் தரம் பெரிதன்று. ஆனால் குறிப்பேட்டில் எழுதி, ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட வேண்டும்.

நான்கு: கொதித்த வண்டியின் மூடியை உடனே திறக்கவே கூடாது. பீறிடும் நீராவி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். நிழலில் நிறுத்தி, மேல் தொட்டியில் கை வைத்துப் பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, கனத்த துணியைப் போட்டு மூடியைச் சிறிது திருப்பி, அழுத்தம் போனபின் கழற்றவேண்டும். சூடேறிய இஞ்சினில் குளிர்நீரை ஒரேயடியாகக் கொட்டினால் ஹெட் வெடிக்கும். இஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும்.

ஐந்து: படிவை நீக்கச் சலவைச் சோடா இடும் பழைய வழக்கத்தை அலுமினிய ஹெட், அலுமினிய ரேடியேட்டர் உள்ள வண்டிகளில் கைக்கொள்ளலாகாது. சோடா அலுமினியத்தை அரிக்கும்.

ஆறு: பெரிய பழுதுக்குரிய எந்த மதிப்பீட்டையும், மேலே கண்ட சோதனைகளின் முடிவு எழுத்தில் இல்லாமல் நிர்வாகக் குழு ஏற்கலாகாது. குமிழி வந்ததா, எண்ணெய் நிறம் மாறியதா, மூடி நல்லதா என்று பட்டறைக்காரரிடம் கேட்க அங்கத்தினர் எவருக்கும் உரிமை உண்டு. கேட்கத் தெரிந்தவரிடம் யாரும் கூடுதலாக வாங்கத் துணியமாட்டார்கள்.

ஏழாவதாக ஒன்றை நம்மைப் போன்ற ஆய்வாளர்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம். ஒரு செலவைத் தவிர்க்கத்தக்கது என்று எழுதுமுன், அது எதற்காகச் செய்யப்பட்டது என்று வண்டியை ஓட்டுபவரிடமும், தறியில் இருப்பவரிடமும், வயலில் நிற்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்போமாக.

அந்தச் சங்கத்தில் இப்போது நீர்க்குறிப்பேடு எழுதப்பட்டு வருகிறது. சென்ற மாதம் அதைப் பார்வையிட்டோம். டிரைவரின் கையெழுத்து ஒவ்வொரு நாளும் இருந்தது. 'நீர் ஊற்றிய அளவு' என்ற கட்டத்தில், முழு மாதமும் ஒரே சொல்: 'இல்லை.'